வாடைக்காற்றோடு திரும்பும் விராலடிப்பான்: படமெடுக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் கடற்கழிகளிலும் பெரிய ஏரிகளிலும் செப்டம்பர் இறுதி தொடங்கி, மீனை வேட்டையாடும் பெரிய பறவைகளான விராலடிப்பான்கள் (Osprey) வந்து சேர்கின்றன. வடக்கே ஐரோப்பிய, ஆசியக் குளிர்நிலங்களிலும் இமயமலைப் பகுதியிலும் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவைகள் இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச், ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடுகின்றன. பறவையியலார் விராலடிப்பானைக் கழுகுகளிலிருந்து பிரித்துத் தனிக் குடும்பமாக வகைப்படுத்துகின்றனர் என்றாலும், மீனைப் பற்றித் தூக்கும் காட்சியைப் படமெடுக்க வருவோருக்கு அதைவிடச் சிறந்த கழுகு வேறில்லை. பழவேற்காடு, பள்ளிக்கரணை, கழுவேலி, பிச்சாவரம், கோடியக்கரை என எங்கிருந்து தொடங்கினாலும் கீழே சொல்லப்படும் முறைகள் பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது லென்ஸ் வாங்குவதன்று. ஒரே நீர்நிலையைத் தேர்ந்தெடுத்து அதைப் பழகிக்கொள்வதாகும். ஒருமுறை குளிர்காலத்தைக் கழித்த இடத்துக்கே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்பும் இயல்பு விராலடிப்பானுக்கு உண்டு. அவ்விடத்துக்குள்ளும் அது அமர்வதற்கென்று சில கொம்புகளும் பட்டுப்போன மரங்களும் மின்கம்பங்களும் இருக்கும். வலை கட்ட நட்ட கொம்பு ஒன்றில் நேற்று அமர்ந்து மீன் தின்ற பறவை இன்றும் அங்கேயே வர வாய்ப்பு மிகுதி. கொம்பின் கீழே எச்சத்தின் வெள்ளைக் கறையும் மீன் செதில்களும் கிடந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அண்மையில் எங்கே காணப்பட்டது என்பதை பறவை பார்ப்போர் தம் பதிவுகளை இடும் இ-பேர்ட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாலும், அந்தந்தக் கழியில் நாள்தோறும் மீன்பிடிப்பவர்கள் சொல்வதே துல்லியமாக இருக்கும். எந்தப் பக்கத்தில் மீன் மேலே வருகிறது, பறவை எந்நேரம் இறங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழிலோடு ஒட்டிய செய்தி.

பறவையை அடையாளம் காண்பது கடினமன்று. மேற்புறம் அடர்பழுப்பு, அடிப்புறம் வெண்மை, வெண்தலையில் கண்ணின் குறுக்காக ஓடும் கரும்பட்டை, பறக்கும்போது மணிக்கட்டில் மடிந்ததுபோல் வளைந்து நிற்கும் நீண்ட சிறகுகள் ஆகியவை போதும். இறகுகளின் ஓரம் வெளிறி, கண் செம்மஞ்சளாக இருந்தால் அது அவ்வாண்டு பிறந்த இளம்பறவை. வளர்ந்த பறவையின் கண் தூய மஞ்சள். இளம்பறவைகள் முதல் கோடையில் பெரும்பாலும் வடக்கே திரும்புவதில்லை என்பதால், மே மாதத்தில் தனியாக ஒன்றைக் கண்டால் வியப்படைய வேண்டியதில்லை.

இனி, எங்கே நிற்பது என்ற கேள்விக்கு வருவோம். படத்தின் தரத்தில் பெரும்பகுதியை இதுவே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. விலையுயர்ந்த கருவியோடு தவறான கரையில் நிற்பவரைவிட, எளிய கருவியோடு சரியான கரையில் அமர்ந்திருப்பவரே நல்ல படத்தோடு வீடு திரும்புகிறார். விராலடிப்பான் நீரின்மேல் சிறகடித்து ஒரே இடத்தில் நின்று மீனைக் குறிபார்க்கும்போது காற்றை எதிர்த்தே நிற்கும். கொம்பில் வந்து அமர்வதும், அதிலிருந்து கிளம்புவதும் காற்றை எதிர்த்தே. வடகிழக்குப் பருவத்தில் நம் கடலோரத்தில் வாடையும் கொண்டலும் வீசுவதால், அதன் முகம் பெரும்பாலும் வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசையில் இருக்கும். அதே பருவத்தில் காலைச் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து எழுகிறது. ஆகவே நீர்நிலையின் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி அமர்ந்தால், காற்றும் வெயிலும் நம் முதுகுப்புறத்திலிருந்து வர, பறவையின் முகமும் மார்பும் வெளிச்சத்தில் நம் பக்கம் திரும்பியிருக்கும். மாலையில் இந்தப் பொருத்தம் குலைந்துவிடுகிறது. வெயில் மேற்கிலிருந்து அடிக்க, பறவை அதற்கு முதுகு காட்டியே நிற்பதால், மேற்குக் கரையில் அமர்ந்தவருக்கு வாலும் முதுகுமே கிடைக்கும். விடியற்காலையில் மட்டும் சில நாட்களில் தரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும். கோரைப்புல் எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்வது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் எழுவதற்கு முன்பே போய் அமர்ந்துவிட வேண்டும். வெளிச்சத்தில் நடந்துவரும் மனிதரைக் கண்டு விலகும் பறவை, ஏற்கெனவே அசையாமல் அமர்ந்திருப்பவரைப் பொருட்படுத்தாமல் அருகிலேயே இறங்குவதுண்டு. காலை பத்து மணிக்குப்பின் உப்பளங்களிலும் வறண்ட சேற்றுத்தரையிலும் கானல் எழத் தொடங்கும். அதன்பின் தொலைவிலுள்ள பறவையை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. படம் மங்கலாக வருவதற்குக் கேமராவைக் குறைசொல்லிப் பயனில்லை.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முழு நீளத்துக்கு இழுத்தால் 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை எட்டும் ஜூம் லென்ஸ், தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் கேமரா, உறுதியான ஒற்றைக்கால் தாங்கி ஆகியவை அடிப்படைத் தேவை. காரிலிருந்து எடுப்பதாயின் துணிப்பையில் உளுந்தையோ அரிசியையோ நிரப்பிக் கதவின்மேல் வைத்து லென்ஸைத் தாங்கலாம். பறவைகள் நடந்துவரும் மனிதரைவிட நின்றிருக்கும் வண்டிக்குக் குறைவாகவே அஞ்சுவதால் கார் நல்ல மறைவிடமுமாகும். மழைக்காலம் என்பதால் ஒரு பருத்தித் துண்டும் நெகிழி உறையும் பையில் இருக்கட்டும்.

வெளிச்ச அளவைக் கேமராவின் தானியங்கிக் கணிப்பிடம் ஒப்படைப்பதுதான் பறக்கும் பறவையின் படங்கள் கெடுவதற்கு முதன்மைக் காரணம். விராலடிப்பான் வானத்தின் பின்னணியில் இருக்கும்போது கேமரா வானத்தின் பளிச்சென்ற ஒளியைக் கணக்கிட்டுப் பறவையைக் கருக்கிவிடும். அதே பறவை சில நொடிகளில் கருநீரை நோக்கிப் பாயும்போது நீரின் இருட்டைக் கணக்கிட்டு வெண்மார்பை வெளிறச் செய்துவிடும். பின்னணி மாறினாலும் பறவையின்மேல் விழும் வெயில் மாறவில்லை என்பதை மனத்தில் கொண்டால் தீர்வு எளிது: மேனுவல் முறைக்கு மாறி, ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) மூன்றையும் நாமே நிலைநிறுத்திவிட வேண்டும். அளவு பார்க்க, அதே வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு ஒன்றைப் படமெடுத்து, அதன் இறகு விவரம் அழியாத அளவுக்கு ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்துக்கொண்டால், விராலடிப்பானின் மார்பும் பாதுகாப்பாக வரும். கொக்கு இல்லாத ஏரி நம் நாட்டில் இல்லை. தெளிந்த காலை வெயிலில் ஷட்டர் 1/2500 நொடி, அபர்ச்சர் எஃப் 6.3, ஐ.எஸ்.ஓ. 800 என்று தொடங்கி, வெயில் ஏற ஏற ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்கலாம். மேகமூட்டமான நாளில் ஷட்டரை 1/1600 வரை இறக்கி, ஐ.எஸ்.ஓ.வை 2000 முதல் 3200 வரை உயர்த்தலாம். மேகம் வந்து போகும் நாளில் ஒவ்வொரு முறையும் மீண்டும் பார்த்தாக வேண்டும் என்பதே இம்முறையின் ஒரே தொல்லை. கோப்புகளை, கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் சேமிப்பது பின்னர் உதவும்.

விராலடிப்பான் நீரின்மேல் சிறகடித்து நிற்கும்போதே லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்துவைப்பவர்கள், அது பாய்ந்த கணத்தில் வெறும் நீரைப் படமெடுக்கிறார்கள். பாய்ச்சல் இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துவிடுவதால், 300 மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, பறவையைச் சட்டத்தின் மேற்பாதியில் வைத்து, அதன் கீழே இறங்குவதற்கு இடம்விட்டுப் பின்தொடர்வதே நல்லது. அது தலைகீழாகப் பாய்ந்து, நீரைத் தொடுவதற்குச் சற்றுமுன் கால்களை முன்னே நீட்டி முதலில் கால் படும்படி விழும். சில வேளைகளில் சிறகு வரை மூழ்கும். நீரில் விழுந்ததும் விரலை எடுத்துவிடாதீர்கள், ஏனெனில் சிறந்த படங்கள் அதற்குப் பின்னரே கிடைக்கின்றன. ஈரச் சிறகை அடித்து மீனோடு எழும் கணம், நீர்விட்டுச் சற்று மேலேறியதும் பறந்தபடியே உடலை உதறி நீரைத் தெறிக்கவிடும் கணம், மீனின் தலையை முன்னோக்கித் திருப்பி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்துப் பிடித்துச் செல்லும் கணம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும். மீனோடு செல்வதைக் கண்டால் கரும்பருந்தோ செம்பருந்தோ பறிக்கத் துரத்துவதுண்டு. ஆகவே சட்டத்துக்கு வெளியேயும் ஒரு கண் இருக்கட்டும்.

இந்தக் கைப்பழக்கத்தை விராலடிப்பான் வரும்வரை காத்திருந்து கற்க வேண்டியதில்லை. மீன் இறங்கும் கடற்கரைகளில் ஆண்டு முழுவதும் வட்டமிடும் கரும்பருந்துகளும் செம்பருந்துகளும் சலிக்காத பயிற்சியைத் தரும். கொம்பில் அமர்ந்த பறவை கிளம்பப்போவதையும் முன்கூட்டியே அறியலாம்: அது எச்சமிட்டு, உடலை முன்னே சாய்த்து, சிறகை உடலிலிருந்து சற்றே விலக்கினால் ஷட்டரை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

அதே ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் பெரும்புள்ளிக் கழுகும் அரிதாக வருகிறது. உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ள இக்கழுகை நாம் தேடுவதைவிட, நீர்ப்பறவைகள் காட்டிக்கொடுக்கட்டும் என்று காத்திருப்பது நல்லது. நாமக்கோழிகள் திடீரென ஒன்றாகக் குவிந்து நெருங்கினாலோ, நீலச்சிறகி வாத்துகளின் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தாலோ மேலே பார்க்க வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்துபோனாலும் இதே கலக்கம் உண்டாகும் என்பதால் ஏமாற்றமும் நேரலாம். தரை சூடாகி வெப்பக்காற்று எழும்வரை கழுகு மரத்திலேயே அமர்ந்திருக்கும். வானில் உயரே ஏறிவிட்டபின் அது சிறு புள்ளியாகிவிடும் என்பதால், மரத்தைவிட்டுக் கிளம்பும் முதல் சில நிமிடங்களே நமக்குரியவை.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இப்பறவைகள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்தோ கைதட்டியோ கிளப்புவதும், படகை நேராக அதன்மேல் செலுத்துவதும், மீனையோ கோழியையோ இரையாக வைத்து வரவழைப்பதும், டிரோன் விடுவதும் கூடாது. பறவை நம்மை நோக்கித் தலையைத் திருப்பி அசையாமல் உற்றுப் பார்க்கத் தொடங்கினால் நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று, அது மீண்டும் இறகு கோதும் வரை பொறுத்து, பின்வாங்க வேண்டும். சரணாலயங்களில் கேமராவுக்கான கட்டணத்தையும் அனுமதியையும் வனத்துறையிடம் முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள். கடலோரத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூட்டைக் காண நேர்ந்தால் படத்தோடு இடத்தை வெளியிட வேண்டாம்.

வீடு திரும்பியபின் படத்தைத் திருத்தும்போது, பறவையைச் சட்டம் நிறைய வெட்டிப் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நீலவானத்தில் தனியாக நிற்கும் விராலடிப்பான் உலகின் எந்த ஊரிலும் எடுத்த படமாக இருக்கலாம். வலைக்கொம்பும் ஓடமும் உப்பளத்து வரப்பும் சேர்ந்த படமே அது எங்கே குளிர்காலத்தைக் கழித்தது என்பதைச் சொல்லும். வெட்டுவதற்கு முன் மூலக் கோப்பில் கால்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவையின் பயணத்தை அறிய ஆய்வாளர்கள் காலில் மாட்டும் வளையம் தெரிந்தால், அதன் நிறமும் எழுத்தும் எண்ணும் புலப்படும் எல்லாப் படங்களையும் வெட்டாமல் வைத்திருந்து, தேதியையும் இடத்தையும் குறித்து, இந்தியாவில் பறவைகளுக்கு வளையமிடும் பணியை நீண்டகாலமாகச் செய்துவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்; அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்பதை அறிய அதுவே வழி.