பாசிட்டிவ் வந்த பிறகு யோசிப்பது: பெருந்தொற்றில் சீசன் நடத்துபவர்கள் செய்யும் தவறுகள்

2021 மே 3 அன்று மாலை ஐபிஎல் கிரிக்கெட்டில் அகமதாபாத்தில் கொல்கத்தாவும் பெங்களூரும் மோத வேண்டியது. டாஸ் போடும் நேரம் வருவதற்குள் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கொல்கத்தாவின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் கொரோனா பாசிட்டிவ். அன்றைக்கே டெல்லியில் தங்கியிருந்த சென்னை அணியிலிருந்தும் செய்தி வந்தது: பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜிக்குத் தொற்று, பேருந்தைத் துப்புரவு செய்பவருக்கும் தொற்று. மறுநாள் சன்ரைசர்ஸின் விருத்திமான் சாஹா, டெல்லியின் அமித் மிஸ்ரா. அத்தோடு ஐபிஎல் நிறுத்தப்பட்டது. 60 ஆட்டங்களில் 29 முடிந்திருந்தன.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் இதே எட்டு அணிகளும் இதே 60 ஆட்டங்களை ஐக்கிய அரபு அமீரகத்தில், ஒன்றுகூட ரத்தாகாமல் ஆடி முடித்திருந்தன. அப்போது தடுப்பூசியே புழக்கத்துக்கு வரவில்லை. ஆக, பெருந்தொற்றுக் காலத்தில் சீசன் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்', 'முடியாது' என்ற இரண்டு பதிலையும் ஒரே கிரிக்கெட் வாரியம் ஒரு வருடத்துக்குள் காட்டிவிட்டது. எது தாங்கியது, எது உடைந்தது என்று மற்ற நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், தவறுகள் திரும்பத் திரும்ப அதே சிலதான்.

ஊர் ஊராகப் போவது

முதல் தவறு இதுதான். பெரிய தவறும் இதுதான் என்பது என் எண்ணம்.

2020-இல் துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று மூன்றே மைதானங்கள். ஓட்டலிலிருந்து மைதானத்துக்குப் பேருந்திலேயே போய் வந்துவிடலாம். செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை எந்த அணியும் விமான நிலையத்தின் பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. 2021-இல் சென்னை, மும்பை, அகமதாபாத், டெல்லி, கொல்கத்தா, பெங்களூர் என்று ஆறு நகரங்கள். ஓர் அணி லீக் சுற்றில் மூன்று முறைதான் இடம் மாறும் என்று கணக்குப் போட்டார்கள். காகிதத்தில் மூன்று என்பது சின்ன எண்தான். சென்னை, மும்பை கட்டம் எப்படியோ ஓடிவிட்டது. அணிகள் அகமதாபாத்துக்கும் டெல்லிக்கும் மாறிய பிறகு, அந்தக் கட்டத்தைக்கூட முடிக்க முடியவில்லை.

வீரர்களை வெளியாட்களிடமிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்குச் சூட்டிய 'குமிழி' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. நிஜத்தில் அது ஒரு வேலி. வேலி எவ்வளவு நீளமோ அவ்வளவு காவல் வேண்டும். ஒவ்வொரு புது ஊரும் ஒரு புது ஓட்டல், புது டிரைவர்கள், புது சமையலறை, புது மைதான ஊழியர்கள். அமெரிக்காவில் என்பிஏ கூடைப்பந்து லீக் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 2020 ஜூலையில் 22 அணிகளை ஃப்ளோரிடாவின் டிஸ்னி வளாகத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது. அக்டோபர் 11-இல் லேக்கர்ஸ் கோப்பையைத் தூக்கும்வரை, உள்ளே ஆடிக்கொண்டிருந்த வீரர்கள் ஒருவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. அதே கோடையில் பேஸ்பால் லீக், 30 அணிகளையும் அவரவர் ஊரிலேயே விட்டு, ஊர் ஊராகப் பறக்கவைத்தது. சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே மியாமி மார்லின்ஸ் அணியில் மட்டும் 18 வீரர்களுக்குத் தொற்று.

நம் பக்கத்திலும் ஒரே இடத்தில் நடத்திய சீசன்கள் தாக்குப்பிடித்தன. ஐஎஸ்எல் கால்பந்து 2020 நவம்பரிலிருந்து நான்கு மாதம் முழுக்க கோவாவிலேயே நடந்தது. தமிழ்நாட்டின் டிஎன்பிஎல் கிரிக்கெட் 2021-இல் திண்டுக்கல், நெல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மொத்த சீசனையும் சேப்பாக்கத்துக்குள் அடக்கிக்கொண்டது. ஆளில்லாத சேப்பாக்கத்தில் மட்டையில் பந்து படும் சத்தம் டிவியில் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. எனக்கு அது கடைசிவரை பழகவே இல்லை.

வீரர்களை மட்டும் எண்ணுவது

ஓர் அணியில் 25 வீரர்கள் இருக்கலாம். அவர்களைச் சுற்றி ஓட்டல் ஊழியர்கள், வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவர்கள், கேமராக்காரர்கள், டிரைவர்கள், துணி துவைப்பவர்கள், பேருந்தைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் டிவியில் தெரிபவரை நூறு தடவை பரிசோதித்துவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்து வைப்பவரை மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலி அங்கேயே முடிந்துவிடுகிறது.

2020 டிசம்பரில் இங்கிலாந்து அணி தென் ஆப்பிரிக்காவில் ஒருநாள் தொடர் ஆடப் போயிருந்தது. கேப் டவுனில் முதலில் தென் ஆப்பிரிக்க வீரர் ஒருவருக்குப் பாசிட்டிவ், அப்புறம் ஓட்டல் ஊழியர்கள் இருவருக்கு. ஓர் ஒருநாள் போட்டிகூட ஆடாமல் தொடர் கைவிடப்பட்டது.

மருத்துவத் தேவையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தோள்பட்டை ஸ்கேனுக்காக வருண் சக்கரவர்த்தி அனுமதியோடு குமிழியை விட்டு மருத்துவமனைக்குப் போய்வந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. தொற்று அங்கேதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதம் ஓடும் சீசனில் யாருக்காவது தோள் வலிக்கும், பல் வலிக்கும். ஊரே மூச்சுக்குத் திணறும் நேரத்தில் ஸ்கேன் எடுக்க எங்கே அனுப்புவோம் என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.

பரிசோதனையைக் கவசம் என்று நினைப்பது

'எல்லோருக்கும் நெகட்டிவ், கவலையில்லை' என்ற வாக்கியத்தை அந்த இரண்டு வருடங்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! கிருமி உடம்புக்குள் நுழைந்த முதல் ஓரிரு நாளில் ஆர்டி-பிசிஆர் எடுத்தாலும் நெகட்டிவ் என்றே வரலாம். அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக ஐந்து நாள் ஆகும், சிலருக்கு 14 நாள்கூட. அதனால்தான் 2020-இல் அமீரகம் போய் இறங்கியவர்களை ஆறு நாள் அறையிலேயே வைத்து, முதல், மூன்றாவது, ஆறாவது நாள்களில் சோதித்தார்கள்.

அந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்பதைக் காட்டியது, வேறு யாருமில்லை, நம்ம சென்னை அணிதான். ஆகஸ்டில் புறப்படும் முன் சேப்பாக்கத்தில் சில நாள் பயிற்சி முகாம் போட்டார்கள். துபாய் போய்த் தனிமையில் இருந்தபோது 13 பேருக்குப் பாசிட்டிவ், அதில் இருவர் வீரர்கள். முகாமில்தான் பரவியதா, வழியிலா என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்தத் தனிமைக் காலம் இல்லாமல் நேராக மைதானத்துக்குப் போயிருந்தால், 13 என்பது மற்ற அணிகளையும் சேர்த்து எங்கே போய் நின்றிருக்கும்? தனிமைக் காலம் நீண்டது, பயிற்சி தாமதமானது, ஆனாலும் செப்டம்பர் 19 அன்று முதல் ஆட்டத்தை மும்பையோடு அதே சென்னைதான் ஆடியது. ஜெயிக்கவும் செய்தது. (அதற்கப்புறம் அந்த சீசனில் நடந்ததை இங்கே கிளற வேண்டாம்.)

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஒரு முறை வந்த பாசிட்டிவை மட்டும் வைத்து ஊரைக் கூட்டுவது. 2020 ஆகஸ்டில் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-இல் 11 அணிகளில் 77 பேருக்கு ஒரே நேரத்தில் பாசிட்டிவ் என்று வந்தது. பார்த்தால் நியூ ஜெர்சியில் இருந்த ஓர் ஆய்வகத்தில் மாதிரிகள் மாசுபட்டதுதான் காரணம். மறுபரிசோதனையில் எல்லாம் நெகட்டிவ். கேப் டவுனிலும் இங்கிலாந்து முகாமில் இருவருக்குத் தொற்று என்று சொல்லப்பட்டது பிறகு தவறென்று தெரிந்தது, ஆனால் அதற்குள் தொடர் போயே போய்விட்டது. எத்தனை மணி நேரத்துக்குள் மறுபரிசோதனை, எந்த ஆய்வகத்தில், முடிவு வரும்வரை அணி ஆடலாமா கூடாதா என்பதெல்லாம் சோதனைக் குச்சியை மூக்கில் விடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டியவை.

அனுமதி கிடைத்தால் ஆபத்து இல்லை என்று எண்ணுவது

2020 ஜூனில் நோவாக் ஜோகோவிச் நடத்திய ஆட்ரியா டூர் டென்னிஸ் காட்சிப் போட்டிகளுக்கு செர்பியாவிலும் குரோஷியாவிலும் அரசு விதிகள் தடை சொல்லவில்லை. ரசிகர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், இரவு விருந்தும் நடந்தது. டிமிட்ரோவ், சோரிச், ட்ரொய்ட்ஸ்கி, கடைசியில் ஜோகோவிச் என எல்லோருக்கும் தொற்று. குரோஷியாவின் ஸாதாரில் இறுதிப்போட்டி நடக்கவே இல்லை.

அரசாங்கத்தின் அனுமதி, நேற்றைய எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. ஆட்டமோ நாளை நடக்கிறது. 2020 பிப்ரவரி 19 அன்று அட்டலான்டா - வலென்சியா கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க இத்தாலியின் பெர்காமோ நகரிலிருந்து சுமார் 40,000 பேர் மிலானின் சான் சிரோ மைதானத்துக்குப் போனபோது எந்த விதியையும் யாரும் மீறவில்லை. அந்த வட்டாரத்தில் உள்ளூர்ப் பரவல் இருப்பது தெரிய வந்ததே அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். அடுத்த சில வாரங்களில் தொற்றால் பெர்காமோ எப்படிச் சீரழிந்தது என்பது உலகுக்கே தெரியும். 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இந்தியா - இங்கிலாந்து டி20 தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பாதி மைதானம் வரை ரசிகர்களை விட்டுவிட்டு, தொற்று ஏறுகிறது என்று மீதி மூன்றையும் கதவடைத்து நடத்தினார்கள். அங்கே பாதி என்பதே 60,000 பேருக்கு மேல்.

பெரிய பெயர் என்றால் விதியை வளைப்பது

இது சின்னதாகத் தெரியும், ஆனால் மொத்த வேலியையும் தளர்த்திவிடும். 2020 ஜூலையில் இங்கிலாந்து வீரர் ஜோஃப்ரா ஆர்ச்சர் சவுதாம்ப்டனிலிருந்து மான்செஸ்டர் போகும் வழியில் தன் வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தார். இங்கிலாந்து அவரை இரண்டாவது டெஸ்ட்டிலிருந்து நீக்கியது. தொடர் முழுதாக நடந்தது. 2021 பிப்ரவரியில் பாகிஸ்தான் சூப்பர் லீக்கில் பெஷாவர் அணியின் வஹாப் ரியாஸும் டேரன் சாமியும் குமிழிக்கு வெளியே இருந்த அணி உரிமையாளரைச் சந்தித்தார்கள். அணி முறையீடு செய்தது, நெகட்டிவ் வந்ததும் இருவரையும் மறுபடி உள்ளே விட்டார்கள். இரண்டு வாரத்துக்குள், 14 ஆட்டங்கள் முடிந்த நிலையில், கராச்சியில் அந்த சீசன் நின்றது. அந்தச் சந்திப்பிலிருந்துதான் தொற்று வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் விதியைப் பேசித் தளர்த்தலாம் என்று ஒரு முறை காட்டிவிட்டால், அப்புறம் யார்தான் அதைப் பயபக்தியோடு கடைப்பிடிப்பார்கள்?

முடியாமல் போனால் என்ன என்று எழுதாமல் விடுவது

மழை வந்தால் இலக்கைத் திருத்திக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் விதி இருக்கிறது. முதல் பந்து போடும் முன்பே எல்லோருக்கும் அது தெரியும், அதனால் தோற்றவர் திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார். தொற்று வந்தால்?

2020 ஏப்ரலில் நெதர்லாந்து தன் கால்பந்து லீக்கைப் பாதியில் முடித்தது. சாம்பியனும் இல்லை, தரமிறக்கமும் இல்லை, மேலேற்றமும் இல்லை. இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்த கேம்பூர் அணி நீதிமன்றம் போய்த் தோற்றது. பிரான்ஸ் அதே நிலையில் வேறு மாதிரி செய்தது: பாரிஸ் அணிக்குப் பட்டம், கடைசி இரண்டு அணிகளுக்குத் தரமிறக்கம். அங்கேயும் வழக்கு. ஜெர்மனி மே 16 அன்று காலி மைதானங்களில் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி, சீசனை ஆடியே முடித்தது. மூன்றில் எது நியாயம் என்பது வேறு விவாதம். முன்கூட்டியே விதி இருந்திருந்தால் யாரும் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டாம்.

அட்டவணையில் காலி நாள்கள் விடாததும் இதன் உடன்பிறப்புதான். பணத்தைப் பற்றி ஒரே வரி: விம்பிள்டன் 2020-ஐ ரத்து செய்யத் துணிந்ததற்கு ஒரு காரணம், அவர்களிடம் பெருந்தொற்றுக்கான காப்பீடு இருந்தது.

வேலிக்கு வெளியே பார்க்காதது

2021 ஏப்ரல் கடைசியில் டெல்லியில் ஆக்ஸிஜனுக்காக மக்கள் அலைந்தார்கள். அதே டெல்லியில் இரவு ஏழரைக்கு மைதான விளக்குகள் எரிந்தன. மே 1 வாக்கில் நாட்டில் ஒரே நாள் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. தன் குடும்பமே தொற்றோடு போராடுகிறது என்று சொல்லி அஸ்வின் பாதியில் வீடு திரும்பினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஐபிஎல் செய்திகளையே நிறுத்திவைத்தது.

மக்களுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா என்றார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சீசன் ஊரிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்: ஆம்புலன்ஸ், மருத்துவர், பரிசோதனைக் கிட், ஆய்வகத்தின் நேரம். வீட்டில் ஒருவர் மூன்று நாளாகச் சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் ஊரில், வீரர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதனை என்பது கண்ணை உறுத்தும். ஊர் தாங்காதபோது வேலியும் தாங்காது, ஏனென்றால் பேருந்தைத் துடைப்பவர் அந்த ஊர்க்காரர்.

திரும்பி வந்தபோது

மீதி 31 ஆட்டங்கள் செப்டம்பரில் மறுபடி அமீரகத்தில் தொடங்கின. நான்காம் நாளே சிக்கல். 22-ஆம் தேதி சன்ரைசர்ஸ் வீரர் நம்ம சேலத்து நடராஜனுக்குப் பாசிட்டிவ். மே மாதத்தில் அணியே முடங்கியிருக்கும். இந்த முறை நெருங்கிய தொடர்பில் இருந்த ஆறு பேரைத் தனிமைப்படுத்தினார்கள், மற்றவர்களைச் சோதித்தார்கள், அன்று மாலையே டெல்லியோடு ஆட்டம் நடந்தது.

2022-இல் லீக் இந்தியாவுக்குத் திரும்பியபோது மும்பை, புனே என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் லீக் சுற்றை முடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை ஒரு விதியும் எழுதிவைத்திருந்தார்கள்: 12 வீரர்கள், அதில் குறைந்தது ஏழு இந்தியர்கள் நலமாக இருந்தால் அணி ஆட வேண்டும், இல்லாவிட்டால் வாரியம் ஆட்டத்தை வேறு நாளுக்கு மாற்றப் பார்க்கும். ஏப்ரலில் டெல்லி முகாமில் பிசியோவில் தொடங்கி மிட்செல் மார்ஷ் வரை தொற்று. பஞ்சாபோடு புனேயில் நடக்க வேண்டிய ஆட்டத்தைப் பயணம் வேண்டாமென்று மும்பை பிரபோர்ன் மைதானத்துக்கே மாற்றினார்கள். ஆட்டம் நடக்கும் அன்றே டிம் சைஃபர்ட்டுக்கும் பாசிட்டிவ். பட்டியலை எண்ணிப் பார்த்தார்கள், ஆள் இருந்தது. ஏப்ரல் 20 இரவு டெல்லி பஞ்சாபை 115-க்குச் சுருட்டிவிட்டு, 10.3 ஓவரில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஓட்டலுக்குத் திரும்பியது.