செம்மண் மேட்டில் கல்மரத்தை இனங்காணுதல்

கடலூரின் கேப்பர் மலையிலும் புதுச்சேரியை ஒட்டிய செம்மண் மேடுகளிலும் நடப்பவர்கள் மரத்துண்டு போன்ற கல்லைக் கண்டால், அது கல்மரமா (மண்ணில் புதைந்து கல்லாகிவிட்ட பழங்கால மரமா) அல்லது இரும்புச்சத்து இறுகிய வெறுங்கல்லா என்பதை அங்கேயே ஓரளவு தெளிந்துகொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்மரங்கள் கிடப்பதும் இந்த மேடுகளில் உள்ள அதே ‘கடலூர் மணற்பாறை’ என்னும் பாறை அடுக்கில்தான்.

கல்லை நீரால் நனைத்து, குறுக்கே உடைந்த முகத்தை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். அங்கே நுண்துளைகள் ஒழுங்காகப் பரவியிருந்து, பக்கவாட்டில் நார்கள் நீளவாக்கில் ஓடினால், அது பெரும்பாலும் கல்மரமே. வளையங்களை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை, இரும்புக் கல்லிலோ வளையம் போன்ற அடுக்குகள் காணப்படுவதுண்டு.

ஐயம் நீடித்தால், மெருகிடாத ஓட்டில் தேய்த்துப் பார்க்கலாம். இரும்புக் கல் செந்நிறமாகவோ பழுப்பாகவோ கோடிடும். சிலிக்கா (மணலின் முக்கியக் கனிமம்) ஏறிய கல்மரம் பொதுவாக நிறம் விடாது, கண்ணாடியையும் கீறும்.

கிடந்த இடமும் பாறை அடுக்கும் தெரியாத கல்மரம் ஆய்வுக்கு அதிகம் உதவாது என்பதால், அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். திருவக்கரையின் தேசியக் கல்மரப் பூங்காவில் சிறு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.