பாராடாங் தீவுக்கு ஒரு நாள் பயணம்: பதிவு செய்வதற்கு முன்பும் பின்பும்

அந்தமானின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஊரிலிருந்து, வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பாராடாங் தீவு உள்ளது. காட்டுச் சாலை, கடற்கால் (இரு தீவுகளுக்கிடையே ஒடுங்கிச் செல்லும் கடல்), அலையாத்திக் காடு, சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லிச் சுற்றுலா நிறுவனங்கள் இப்பயணத்தை ஏற்பாடு செய்கின்றன. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தீர்மானிப்பது 'கான்வாய்' எனப்படும் வாகன அணியே என்பதைப் போதிய அழுத்தத்துடன் எவரும் சொல்வதில்லை. ஆகவே இடங்களைப் பற்றி அறிவதற்கு முன்னால் கான்வாய் முறையை அறிந்துகொள்வது நல்லது.

ஊரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றதும் ஜிர்காடாங் செக்போஸ்ட் வருகிறது. அதற்கப்பால் மிடில் ஸ்ட்ரெயிட் கடற்கால் வரையிலான ஏறத்தாழ 49 கிலோமீட்டர் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டின் ஊடாகச் செல்வதால், எந்த வாகனமும் நினைத்த நேரத்தில் அதற்குள் நுழைய முடியாது. நாளொன்றுக்குச் சில குறிப்பிட்ட வேளைகளில் மட்டுமே வாகனங்கள் காவலர் துணையுடன் வரிசையாக அனுப்பப்படுகின்றன. முதல் அணி காலை 6 மணிக்குப் புறப்படும். அன்றே திரும்ப நினைப்பவர்கள் அதில் செல்வதே பாதுகாப்பு. வரிசையில் முன்னிடம் பிடிப்பதற்காக ஓட்டுநர்கள் விடியற்காலை 3 மணி, 3.30 மணிக்கே விடுதி வாசலில் வந்து நிற்பார்கள். தூக்கத்தைக் கெடுக்கிறாரே என்று அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். முன்னிடத்தில் நிற்பவர் மறுகரையில் முதலில் இறங்குவார், அவருக்கே முதல் படகு கிடைக்கும். பின்தங்கியவர் படகுக்காகக் காத்திருந்து, குகைக்குள் ஓடி நுழைந்து, ஓடியே வெளியேறித் திரும்பும் அணியைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும்போது, சொல்லப்படும் தொகையில் எவையெல்லாம் அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வாகனம் உங்களுக்கு மட்டுமா, பிறருடன் பகிர்வதா. விசைப்படகுக் கட்டணமும் வனத்துறை அனுமதியும் சேர்ந்தவையா. சேற்று எரிமலைக்குச் செல்லும் ஜீப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா. உணவு யார் பொறுப்பு. குகை திறந்திருக்கும் நாள்தானா என்பவை முக்கியமான கேள்விகள். தலைநகரில் தமிழர்கள் கணிசமாக வாழ்வதால், தமிழ் பேசும் ஓட்டுநர் வேண்டுமென்று கேட்டால் பல நேரங்களில் கிடைப்பார். பயணிகள் அனைவரின் விவரமும் எழுதிய படிவம் செக்போஸ்டில் தரப்பட வேண்டும் என்பதால், அசல் அடையாள அட்டையும் அதன் நகல்களும் கையில் இருக்கட்டும். தேவையான பணத்தையும் ரொக்கமாக ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது.

ஜாரவாக்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்புக் காட்டுக்குள் வாகனத்தை நிறுத்துவது, முந்துவது, படம் எடுப்பது, உணவோ வேறு பொருளோ கொடுப்பது ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் வழக்கும் தொடரப்படலாம். சில நூறு பேரே கொண்ட இந்த மக்கள் 1990களின் இறுதியில்தான் வெளியாருடன் பகையின்றிப் பழகத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலக நோய்களுக்குப் பழகாத உடல்கள் என்பதால், ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டும் கைகூட அவர்களுக்குத் தீங்காக முடியலாம். இச்சாலையைப் பழங்குடிப் பகுதியில் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே ஆணையிட்டது; உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்பட்ட காணொலி 2012இல் வெளியானபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எனவே "வழியில் ஜாரவாக்களைக் காட்டுகிறோம்" என்று ஆசை காட்டும் முகவரிடம் பதிவு செய்யாமல் இருப்பதே முறை. இச்சாலையில் செல்ல மனம் ஒப்பாதவர்கள், தலைநகரிலிருந்து பாராடாங்குக்குக் கடல்வழியே படகு செல்லும் நாளாக இருக்கிறதா என்று விசாரிக்கலாம். சாலையில் செல்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். வளைவுகள் மிகுந்த பாதை என்பதால், பயணத்தில் குமட்டல் வரும் உடல்வாகுடையவர்கள் ஜிர்காடாங்கில் தேநீரோடு நிறுத்திக்கொள்வது நலம்.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் கார்கள் பெரும்பாலும் இக்கரையிலேயே நின்றுவிடும். பேருந்தும் லாரியும் ஏறும் பெரிய படகிலேயே பயணிகளும் நின்றபடி அக்கரைக்குச் செல்கிறார்கள். அங்குள்ள நீலாம்பூர் ஜெட்டியில் அனுமதிச் சீட்டு பெற்று, லைஃப் ஜாக்கெட் அணிந்து விசைப்படகில் ஏற வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம். முதலில் அகன்ற நீர்ப்பரப்பில் வேகமாகச் செல்லும் படகு, ஓரிடத்தில் திரும்பி ஒடுங்கிய ஓடைக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைக்கிறது. பிச்சாவரத்தின் சுரபுன்னைக் கால்வாய்களை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. ஆனால் இங்கே தலைக்கு மேல் கிளைகள் பின்னிக்கொண்டு கூரையாகவே ஆகிவிடுகின்றன, பல இடங்களில் குனிந்தே கடக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரில் கைவிட்டு விளையாடுவதைப் படகோட்டி கண்டித்தால் கேளுங்கள்: அந்தமானின் ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு.

நயாடேரா படகுத்துறையில் இறங்கியதும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நடை. காட்டு வேர்கள் நிறைந்த தடத்திலும் வயல்வெளி ஓரமாகவும் செல்லும் இப்பாதை மழைக்குப் பின் வழுக்கும். பிடிப்புள்ள காலணி, தண்ணீர், டார்ச் மூன்றும் கட்டாயம் தேவை. முழங்கால் வலி உள்ள முதியவர்கள் படகுப் பயணத்தோடு நிறைவடைவது நல்லது. குகையின் வாயிலில் வெளிச்சம் இருக்கும், உள்ளே செல்லச் செல்ல வழி ஒடுங்கி இருள் கூடும். மழைநீர் மண்ணில் ஊறும்போது கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. அந்நீர் கூரையிலிருந்து சொட்டும்போது விட்டுச் செல்லும் சுண்ணாம்பே மேலிருந்து கூம்பாகத் தொங்குகிறது, கீழிருந்தும் வளர்ந்து எழுகிறது. வழிகாட்டி டார்ச்சை ஒரு கூம்பின் பின்பக்கம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லுக்குள் ஒளி ஊடுருவி, நுனியில் விழக் காத்திருக்கும் துளி தெரியும். தொட மட்டும் வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் கறுத்துவிடும், அங்கே வளர்ச்சியும் தடைபடும். பாறைகளில் தெய்வ உருவங்களைக் காட்டுவதில் சில வழிகாட்டிகளுக்குப் பேரார்வம் உண்டு; பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீர் சொட்டும் இடங்களைக் காட்டும்படி வேண்டிக்கொள்ளலாம்.

சேற்று எரிமலை என்ற பெயரைக் கேட்டு நெருப்பை எதிர்பார்க்கக் கூடாது. வேலியிட்ட மேட்டில், சாம்பல் நிறச் சேற்றுக்குள்ளிருந்து வாயு குமிழியாக எழுந்து மெல்ல உடையும், அவ்வளவே. நேரம் போதாவிட்டால் கைவிட வேண்டியது இதைத்தான்.

படகேறும் முன்பே ஜெட்டியருகே உள்ள உணவகத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்தால் திரும்பும்போது காத்திருக்க நேராது. திரும்பும் கான்வாயின் அன்றைய நேரத்தை ஓட்டுநரிடம் காலையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பொழுது சாயும் வேளையில் ஆயிரக்கணக்கான கிளிகள் வந்தடையும் கிளித் தீவு இந்த ஒரு நாள் பயணத்துக்குள் அடங்காது. கடைசி அணி அதற்கு முன்பே புறப்பட்டுவிடும் என்பதால், அதைக் காண விரும்புபவர்கள் பாராடாங்கில் ஓர் இரவு தங்க அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, மறுநாள் திரும்புவதற்கு வேறு வாகனத்தையும் பேசி வைக்க வேண்டும்.