பட்டையும் பூவும்: வெயிலில் அலைகிறவளின் முகக் கணக்கு

என் அப்பா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு முடி எடுத்து, ஆவாரம்பட்டைத் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். அப்புறம் எண்ணெய் ஏற்றுவார்கள். எண்ணெய் சரியாக ஏறாத தோலை மடித்தால் வெடித்துவிடும். கல்லூரி நாளில் நான் ஆவாரம்பூப் பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் சிரித்தார். "பட்டைய வெச்சி நான் மாட்டுத்தோல பதம் பண்றேன். பூவ வெச்சி நீ உன் தோல பதம் பண்றியா?"

அப்போது கோபம் வந்தது. இப்போது எனக்கு 44 வயது, அஞ்சலக ஆர்.டி. முகவர். மாதத்தின் முதல் பதினைந்து நாளும் காட்பாடியிலிருந்து விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், சத்துவாச்சாரி என்று ஸ்கூட்டியில் வசூல். காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை, அதாவது வெயில் உச்சத்தில் நிற்கும் நேரம். சோப்பு மாற்றினால் கன்னம் சிவக்கும், புதுக் குங்குமம் வைத்தால் நெற்றி அரிக்கும். இப்படி ஒரு தோலை வைத்துக்கொண்டு வேலூர் வெயிலில் பிழைக்கக் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கருத்தது எது என்று பாருங்கள். மேல்கையின் உள்பக்கத்தை முகத்தோடு ஒட்டிவைத்துக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும். அந்த உள்பக்க நிறம்தான் உங்கள் நிறம்; அதற்கு மேல் எந்தக் கிரீமும் வெளுக்க வைக்க வேண்டியதில்லை. முகம் அதைவிட ஒரே சீராகக் கருத்திருந்தால் வெயில். இரண்டு கன்னத்திலும் திட்டுத்திட்டாக, ஓரம் தெரிகிற மாதிரி இருந்தால் அது மங்கு (மெலாஸ்மா) என்ற தோல் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி போலத் தடித்துக் கருத்திருந்தால் தேய்க்காதீர்கள், அழுக்கில்லை அது. சர்க்கரை சோதனை செய்துகொள்ளுங்கள்.

வெயிலுக்குக் கருப்பது தோல் தனக்குத் தானே பிடித்துக்கொள்ளும் குடை. மெலனின் என்ற நிறமி கூடுதலாகச் சுரக்கிறது. மேல்தோல் உதிர்ந்து புதிதாக ஏறிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நாற்பதைத் தாண்டினால் இன்னும் மெதுவாக. வெயிலை நிறுத்தினால்தான் இந்தக் கணக்கே தொடங்கும். தினமும் வெயிலில் போய்க்கொண்டு, ஞாயிறு மட்டும் முகத்துக்கு ஃபேஸ் பேக் போடுவது, கணக்கில் கட்டாமல் வட்டி கேட்பது மாதிரி.

இது தெரியாமல் நான் இரண்டு தப்பு செய்தேன். ஒரு மே மாதம் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டுத் தேய்த்து, அரைகுறையாகக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன். எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். மறுநாள் தாடையோரம் கோடு கோடாக எரிச்சல், பிறகு பழுப்புத் தழும்பு. அதை மறைக்க ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். "அக்கா, இத போடுங்க, பத்து நாள்ல பளிச்னு ஆயிடும்" என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். ஆனது. நிறுத்தியதும் முகம் தீயாக எரிந்தது, பொரிப்பொரியாகப் பரு, தோல் சிகரெட் தாள் போல மெலிந்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ட்யூப்பில் ஏதாவது எழுதியிருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் சட்டென்று நீங்களே நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முக்கால்வாசி வேலை சன்ஸ்கிரீன்தான். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், பக்கத்தில் பி.ஏ. என்று மூன்று நான்கு கூட்டல் குறி இருப்பதாகப் பாருங்கள். முதலாவது சுட்டுச் சிவக்க வைக்கும் கதிருக்கு, இரண்டாவது ஆழமாகப் போய்ச் சுருக்கம் தரும் கதிருக்கு. இந்த இரண்டாவது கதிர் மேகத்தையும் கண்ணாடியையும் தாண்டி வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருபவர்களும் கவனியுங்கள். என்னைப் போன்ற தோலுக்குச் சிங்க் ஆக்சைடு உள்ளது ஒத்துக்கொள்ளும். நம் நிறத்தில் அது சாம்பல் பூசினாற்போலத் தெரியும் என்பதால் நிறம் சேர்த்ததாக வாங்குகிறேன். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு மங்குக்கும் நல்லது.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு. கிளம்பக் கால் மணி நேரம் முன்னால் பூசி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. எனக்கு 50 கிராம் ட்யூப் மூன்று வாரம்தான் வரும். ஆறு மாதம் வந்தால் நீங்கள் பூசுவது பெயருக்கு. அதன்மேல் நெருக்கமாக நெய்த பருத்தித் துப்பட்டா, குளிர் கண்ணாடி. கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே எனக்குக் கண்ணோரம் கோழிக்கால் போலச் சுருக்கம் விழுந்துவிட்டது.

கழுவுவதைக் குறையுங்கள். தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். ஏறக்குறைய 5.5. கட்டி சோப்பு 9, 10 என்று காரம். எங்கள் போர் தண்ணீரில் நுரையும் வராது, சோப்பு முகத்திலேயே தங்கிவிடும். காலையில் வெறும் தண்ணீர், மாலையில் வாசனையில்லாத மென்மையான கிளென்சர். ஈரம் காய்வதற்குள் கிளிசரினோ செராமைடோ உள்ள மாய்ஸ்சரைசர். அப்பாவின் எண்ணெய்ப் பாடம்தான் இது.

பேக்குகளில் எதுவும் அற்புதம் செய்யாது. காய்ந்து முகம் இழுத்துப் பிடித்தால் சுருக்கம் போனதாக நினைக்கிறோம், ஈரம்தான் போகிறது. ஆசைக்குப் போட்டால் பாதி காய்வதற்குள் கழுவிவிடுங்கள். கற்றாழையை வெட்டினால் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடித்த பிறகே எடுங்கள், அது அரிக்கும்.

சுருக்கத்துக்கு, வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் இரவில் மட்டும், பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு நாள், மாய்ஸ்சரைசருக்கு மேல். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கருவுற்றிருந்தாலோ அதற்கு முயன்றாலோ கூடாது. சன்ஸ்கிரீன் போடாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

எந்தப் புதுப் பொருளையும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம், தினம் இரண்டு முறை தடவிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். நான் வசூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுவேன். அப்படித்தான் நெற்றி அரிப்புக்குக் காரணம் சன்ஸ்கிரீன் இல்லை, புதுக் குங்குமம் என்று பிடித்தேன்.

ஒரு மாதத்தில் எரிச்சல் அடங்கவில்லை, மச்சம் பெரிதாகிறது, ஆறாத புண் இருக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள், இதுவரை பூசிய எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு. நான் வெட்கப்பட்டு மறைத்தேன். "என்னம்மா போட்டீங்க?" என்று டாக்டரம்மா மூன்றாவது முறை கேட்ட பிறகுதான், வசூல் பணத்துக்கு அடியிலிருந்து அந்த ட்யூப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.