'தகுதியில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

வேலைக்கான விண்ணப்பம் ஏற்கப்படாமல் போனாலும், தேர்வு எழுத அனுமதி மறுக்கப்பட்டாலும், அணியில் இடம் கிடைக்காவிட்டாலும் நம்மில் பலர் ஆங்கிலத்தில் 'ரிஜெக்டட்' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதுகிறோம். ஆங்கிலம் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது. சரியானதைத் தேர்ந்தெடுக்க, விலக்கப்பட்டது ஆளா, தாளா, வாய்ப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகு, தடை தொடக்கத்திலேயே இருந்ததா, இடையில் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கத்திலேயே தகுதி இல்லையென்றால் 'இனெலிஜிபிள்' என்று எழுத வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப்பிரிவினரின் வயது, தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1-ஆம் தேதியன்று 32 நிறைவடைந்திருக்கக் கூடாது. அந்த வயது நிறைந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை, விதியின் எல்லைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். இச்சொல்லுக்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் 'ஃபார்' சேர்த்து 'இனெலிஜிபிள் ஃபார் தி போஸ்ட்' என்றும், வினை வந்தால் 'டு' சேர்த்து 'இனெலிஜிபிள் டு அப்ளை' என்றும் எழுத வேண்டும். இது பெயரடை என்பதால் 'இனெலிஜிபிள்ட்' என்றொரு வடிவம் கிடையாது. பேச்சிலும் கடிதத்திலும் 'நாட் எலிஜிபிள்' என்பது இன்னும் இயல்பாக ஒலிக்கும். ஓசையில் இதை நெருங்கி நிற்கும் 'இல்லெஜிபிள்' என்பதைத் தவறுதலாகப் போட்டுவிட்டால், 'என் கையெழுத்து படிக்கும்படி இல்லை' என்ற பொருளில் போய் முடியும்.

'டிஸ்குவாலிஃபைட்' என்பதற்கு அழுத்தம் கூடுதல். இருந்த தகுதி ஏதோ ஒரு காரணத்தால் பறிபோனது என்பதே அதன் வழக்கமான தொனி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவில் இறுதிப்போட்டி வரை முன்னேறிய வினேஷ் போகத், இறுதிப்போட்டி நாளன்று காலை எடை பார்த்தபோது 100 கிராம் அதிகம் இருந்ததால் டிஸ்குவாலிஃபைட் ஆனார். எந்தச் சுற்றிலும் அவர் தோற்காததால், அங்கே 'எலிமினேட்டட்' என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். இச்சொல்லுக்குப் பின் 'ஃப்ரம்' வரும். வினை தொடர்ந்தால் 'டிஸ்குவாலிஃபைட் ஃப்ரம் கன்டெஸ்டிங்' என்று 'இங்' வடிவில் முடியும். 'டு கன்டெஸ்ட்' என்று முடிப்பது நம்மூர் ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

சட்டம் இந்த இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினராவதற்கு இருக்க வேண்டிய தகுதிகளை அரசமைப்பின் 84-ஆம் பிரிவும், இருக்கக் கூடாத தடைகளை 102-ஆம் பிரிவும் சொல்கின்றன. ஆகவே 24 வயதுக்காரர் மக்களவைக்கு 'நாட் குவாலிஃபைட்'. திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு அதிலிருந்து விடுபடாதவரோ 'டிஸ்குவாலிஃபைட்'.

ஒரே நிகழ்வில் மூன்று சொற்களும் தத்தம் இடத்தில் நிற்பதைத் தமிழ்நாட்டின் 2001-ஆம் ஆண்டு வரலாற்றில் காணலாம். அரசு நிறுவனமான டான்சியின் நில வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் அந்த ஆண்டுத் தேர்தலில் ஏற்கப்படவில்லை. மனு தாள் என்பதால் அது 'ரிஜெக்டட்'. தண்டனையின் விளைவாகத் தேர்தலில் நிற்க முடியாமல் போன அவர் 'டிஸ்குவாலிஃபைட்'. அவருடைய கட்சி வென்று அவர் முதலமைச்சராகப் பதவியேற்ற பிறகு, இத்தகைய தடை உள்ள ஒருவரை அப்பதவியில் நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளித்தது; பதவியைப் பொறுத்தவரை அவர் 'இனெலிஜிபிள்'. பின்னர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் தடை நீங்கி, 2002-இல் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று மீண்டும் முதலமைச்சரானார்.

ஓர் அமைப்பு, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ, இனி வரக் கூடாது என்று ஆணையிட்டால் அது 'டிபார்ட்'. முறைகேடு செய்தவர்களுக்கு எதிராகத் தேர்வாணையங்கள் இச்சொல்லைத்தான் ஆளுகின்றன. வயது கடந்ததற்கு இதை எழுதினால் உங்கள் மேல் நீங்களே குற்றம் சுமத்திக்கொண்டதாகிவிடும். ஓரெழுத்து கூடிய 'டிஸ்பார்ட்' வழக்கறிஞர் தொழிலுக்கு மட்டும் உரியது. லண்டனின் வழக்கறிஞர் அமைப்பான இன்னர் டெம்பிள் 1922-இல் காந்தியடிகளின் பெயரை நீக்கியதிலிருந்து, 1988-இல் அதை மறுபடி சேர்த்தது வரை இருந்த நிலை அது. 'சஸ்பெண்டட்' என்றால் திரும்பி வர வழியுண்டு: 2015-இல் இரண்டாண்டு சஸ்பெண்ட் ஆன சென்னை சூப்பர் கிங்ஸ் 2018-இல் திரும்பி வந்து கோப்பையையும் வென்றது.

'ரூல்ட் அவுட்' முற்றிலும் வேறு வகை. அங்கே போவது வாய்ப்பு மட்டுமே. 2023 உலகக் கோப்பையின் நடுவில் கணுக்கால் காயத்தால் ஹர்திக் பாண்டியா 'ரூல்ட் அவுட் ஆஃப் தி வேர்ல்ட் கப்' ஆனார். இங்கே 'ஆஃப்' வரும், 'ஃப்ரம்' வராது. மருத்துவர் 'டெங்கு ஹாஸ் பீன் ரூல்ட் அவுட்' என்று சொன்னால் பதற வேண்டாம், டெங்கு இல்லை என்றுதான் பொருள்.

'அன்குவாலிஃபைட்' சற்று ஏமாற்றும் சொல். ஆளைக் குறித்தால் படிப்போ பயிற்சியோ இல்லாதவர். ஆனால் 'அன்குவாலிஃபைட் அப்பாலஜி' என்பது நிபந்தனையற்ற மன்னிப்பு, தணிக்கையாளர் தரும் 'அன்குவாலிஃபைட் ஒப்பீனியன்' ஒரு நிறுவனத்தின் கணக்குக்குக் கிடைக்கும் நற்சான்று.

மேல்முறையீடு எழுதும்போது தாளையும் ஆளையும் பிரித்தே எழுதுங்கள்: 'மை அப்ளிகேஷன் வாஸ் ரிஜெக்டட் ஆன் தி கிரவுண்ட் தட் ஐ வாஸ் ஓவர் தி ஏஜ் லிமிட்.' அடுத்த வாக்கியத்தில், அறிவிக்கையில் உள்ள விதி எண்ணைக் காட்டி, 'ஐ ஆம் எலிஜிபிள் அண்டர் திஸ் ரூல்' என்று நேராகச் சொல்லி, பிறந்த தேதிச் சான்றை இணைப்பாகக் குறிப்பிடுங்கள்.