ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று வந்தால் செய்யக் கூடாதவை

மன்னார்குடிப் பக்கத்தில் முப்பது வருடமாக நாற்று நட்டவர் என் அம்மா. தாளடி நடவு முடிந்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வலி காலிலும் இறங்கியதால் தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். திரும்பும் பஸ்ஸிலேயே உறையைப் பிரித்து, “எல்4-எல்5 ஜவ்வு தேய்ந்து பிதுங்கியிருக்கிறதாம்” என்று சொல்லிவிட்டேன். “இனி நான் வயலில் இறங்க முடியாதா, தம்பி?” என்று கேட்டார். அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவில்லை. மருத்துவரைப் பார்க்கும் முன்பே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். பெரிய தவறு அது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருப்பதைத்தான் எல்4-எல்5 என்கிறார்கள். வயதாக ஆக அதில் நீர்ச்சத்து குறையும். படத்தில் கறுத்துத் தெரியும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குத் தேய்மானமும், 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் உண்டு. ஆக, ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படமும் உடம்பும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. மருத்துவர் அம்மாவைப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கினார். பிறகு கால் பெருவிரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தி, “மேலே தூக்குங்கள்” என்றார். எல்4-எல்5 பிதுக்கம் பெரும்பாலும் அழுத்தும் நரம்புதான் அந்த விரலைத் தூக்க வைக்கிறது. அம்மா தூக்கிவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாதக்கணக்கில் கட்டிலே கதி என்று கிடப்பது இன்னொரு தவறு. படுத்தே இருந்தால் தசை தளர்ந்து வலிதான் நீளும். அம்மாவை வாய்க்கால் கரையில் தினமும் நடக்கச் சொன்னார்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவதும் உண்டு. வலி குறைந்து வரும்போது, மனசுக்காக மறுபடி ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

ஆனால் ‘வயசுக்குத் தேய்மானம்தானே’ என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுளுக்கு எடுப்பவரிடம் போகக் கூடாது. முதுகுவலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், கீழே விழுந்திருந்தாலும் மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

சிறுநீரைப் பற்றி மருத்துவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செவிலியர் அதே கேள்வியை மறுபடி கேட்டார்.