வேர்வை அடங்கட்டும், அப்புறம் சட்டை

மடிப்பாக்கத்திலிருந்து தரமணிக்கு தினமும் சைக்கிள்தான். மே மாதத்தில் சென்னை வெயில் 8 மணிக்கே சுள்ளென்று அடிக்கும் என்பதால் 7 மணிக்குக் கிளம்பிவிடுவேன். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதிப்பேன். அதிலேயே உடம்பு பாதி ஆறிவிடும்.

ஆபீஸில் இறங்கியதும் சட்டை மாற்ற ஓடாதீர்கள். முதல் வாரம் நான் செய்த தப்பு அதுதான். மாற்றிய சட்டையும் 5 நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் ஈரத் துண்டால் கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் அழுத்தித் துடையுங்கள். வேர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியாதான் அதை நாற வைக்கிறது. துடைத்த இடத்தில் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தடவை தேய்ப்பேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எனக்குச் சாயங்காலம் வரை தாங்குகிறது.

பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். சட்டையை மடிப்பதைவிடச் சுருட்டி வைத்தால் கசங்கல் குறைவு. ஷூ ஆபீஸிலேயே கிடக்கட்டும். கழற்றிய பனியனை மட்டும் பிளாஸ்டிக் கவரில் திணிக்காதீர்கள், எங்காவது காயப்போடுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் அப்படித் திணித்து மறந்துவிட்டேன். திங்களன்று டிராயரைத் திறந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார்.